மிக்கியைப் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் நிற்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பமாகப் பாரிசுக்குப் போகிறார்கள். அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. அதற்குள் ஒரேயொரு நாளை டிஸ்னிலாண்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மகளுக்கு ஐந்து வயது, இளவரசிகள் என்றால் உயிர். மகனுக்கு ஒன்பது. "மிக்கியையும் இளவரசிமாரையும் கிட்ட நிண்டு பார்க்கிறதுக்கு ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம் கியூவிலை நிக்கவேணுமாம். அவ்வளவு காசையும் குடுத்து, அந்த நேரத்தையும் குடுக்கிறது பெறுமதியோ அண்ணா?"

தங்கச்சி, ஒரு கியூவுக்கு நிற்கலாம், பெறுமதிதான். இரண்டாவது கியூவுக்கு நன்றாக யோசியுங்கோ. மூன்றாவதுக்கு நிற்கவே வேண்டாம். அந்த ஒன்று எது என்பதை உங்கள் மகள் தீர்மானிக்கட்டும். எத்தனை மணிக்கு நிற்பது என்பதை நீங்கள் தீர்மானியுங்கோ. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பாரிசில் பதினாறு வருடம் இருந்தவன். ஊரில் இருந்து கலியாணத்துக்கு வந்தவர்கள், சாமத்தியவீட்டுக்கு வந்தவர்கள், லண்டனுக்கு வந்து அப்படியே எட்டிப் பார்க்க வந்தவர்கள் என்று யார் வந்தாலும் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பாகத்தான் இருந்தது. இருபது தடவைக்கு மேல் போயிருப்பேன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரிக்கற் போட்டுக் கொடுக்கும் வேலை. வருடம் முழுக்க இந்தக் கேள்வி என் மேசைக்கு வருகிறது.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். 2013இல் என் தங்கச்சி குடும்பம் வந்தது. மூன்று வயது மருமகன், ஆறு வயது மருமகள். நாங்கள் சமைத்து, பார்சல் கட்டி, வெளிக்கிட்டுப் போய்ச் சேரப் பதினொன்றரை. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே நாளில் மூன்று கியூவில் நிற்க வைத்தேன். மிக்கிக்கு எண்பது நிமிடம். ரயிலில் வழி முழுக்க "மிக்கி, மிக்கி" என்று பாடிக்கொண்டு வந்த சின்னவன், கதவு திறந்து உண்மையான மிக்கியைக் கண்டதும் வீரிட்டுக் கத்தினான். தொலைக்காட்சியில் உள்ளங்கையளவு இருந்த மிக்கிக்கு இங்கே தலை மட்டும் கிடாரம் அளவு. தாயின் சேலையைப் பிடித்துத் தோள்வரை ஏறிவிட்டான். அந்த மிக்கி உடனே இரண்டு அடி பின்னால் போய், முழங்காலில் இருந்து, தன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் பார்த்தது. பயந்த பிள்ளையிடம் நெருங்கிப் போகாமல் பதிவாக இருந்து காட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனாலும் இவன் திரும்பவேயில்லை. கிடைத்த படத்தில் தங்கச்சியின் முதுகும் சின்னவனின் செருப்பும்தான் தெரிகின்றன. மூன்றாவது கியூ இளவரசிக்கு. அதற்குள் பின்னேரம் ஐந்தரை ஆகிவிட்டது. பெரியவள் என் தோளில் நித்திரை. முறை வந்ததும் உலுப்பி எழுப்பி நிறுத்தினோம். படத்தில் அவளுடைய கண் பாதிதான் திறந்திருக்கிறது. அது இன்னும் தங்கச்சி வீட்டு ஷோகேசில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் குத்தும். மூன்று கியூவிலும் நாங்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம், ஆனால் பிள்ளைகள் ஒன்றையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நின்று கவனிக்கத் தொடங்கினேன். இந்தக் கியூக்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பம் உள்ளே போய், வணக்கம் சொல்லி, கட்டிப்பிடித்து, கையொப்பம் வாங்கி, படம் எடுத்து வெளியே வர ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் பிடிக்கும். இது கைமணிக்கூட்டை வைத்து நான் பல தடவை பார்த்த கணக்கு. அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு முப்பது, நாற்பது குடும்பம்தான். பெரிய சவாரி ஒன்றில் அதே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறி இறங்கிவிடுவார்கள். சவாரிக்கு முன்னால் 200 பேர் நின்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கியூ கரைந்துவிடும். மிக்கிக்கு முன்னால் அதே 200 பேர் என்றால் ஐம்பது குடும்பம். குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் 100 நிமிடம். அதனால் கண்ணால் பார்த்து "சின்னக் கியூதானே" என்று போய் நிற்கக் கூடாது. முன்னால் நிற்கும் தலைகளை எண்ணாமல் குடும்பங்களை எண்ணி இரண்டால் பெருக்குங்கோ. 1961இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணிதத்தால் நிறுவிய விதியும் இதே கணக்குத்தான்: வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, அவர்கள் வெளியேறும் வேகத்தால் பிரித்தால் காத்திருக்கும் நேரம் வரும்.

இன்னொன்று, மிக்கியைப் போல முழு வேடம் போட்டவர்கள் தொடர்ந்து நிற்க முடியாது. அந்த உடுப்புக்குள் வெக்கை அப்படி. குறிப்பிட்ட நேரம் நின்றுவிட்டு ஓய்வுக்குப் போவார்கள். தெருவில் வந்து நிற்கும் பாத்திரங்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. பணியாளர் ஒருவர் கியூவின் கடைசியில் வந்து நின்று "இதோடை சரி" என்று சொல்லிவிடுவார். அதனால் கியூவில் சேரும்போதே "நாங்கள் நிற்கலாமா, முறை வருமா?" என்று அந்தப் பணியாளரைக் கேட்டுவிடுங்கோ. ஆங்கிலத்தில் கேட்டால் போதும், நேராகப் பதில் சொல்வார்கள்.

ஆசை கூடினால் நேரம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு கதை. எல்சா, அனா என்ற இரண்டு சகோதரிகளின் படம் 2013 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் புளோரிடா டிஸ்னியில் அந்த இருவரையும் சந்திக்கும் கியூ மணிக்கணக்கில் நீண்டது. ஐந்து மணித்தியாலம் வரை என்றுகூடச் செய்தி வந்தது. அங்கே எப்கொட் பூங்காவின் நோர்வே மண்டபத்தில் இருந்தவர்களை ஏப்ரலில் இன்னொரு பூங்காவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் குறைய நாளெடுத்தது. ஐந்து மணித்தியாலத்தை எந்தப் பிள்ளையின் ஆசைக்காகவும் நான் ஏற்கமாட்டேன். என் எல்லை தொண்ணூறு நிமிடம், அதுவும் காலையில்.

நேரம் என்பது மணிக்கூட்டில் உள்ளது மட்டும் இல்லை என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நல்லூர்த் தேரன்று விடியாத நேரத்திலேயே வெளிவீதி மணலில் இடம்பிடித்து இருப்பவர்களைப் பாருங்கோ. ஆறுமுகசாமி எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று அவ்வளவு பேருக்கும் தெரியும். நல்லூரில் அந்த நேரம் தவறாது. பாட்டுக் கேட்கும், தெரிந்த முகங்கள் வரும், அம்மம்மா பழைய தேர்த் திருவிழாக்களைக் கதைப்பா. மூன்று மணித்தியாலம் போனதே தெரியாது. இனி 2022ஐ நினைத்துப் பாருங்கோ. பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவு பகலாக நின்றோம். பவுசர் வருமா வராதா என்று சொல்ல ஆளில்லை. அதே மூன்று மணித்தியாலம் அங்கே மூன்று நாளாகத் தெரிந்தது. ஜூலையில் கியூஆர் முறை வந்து, வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் பிரித்தபோது, கியூ உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் "இண்டைக்கு எனக்கு இல்லை, நாளைக்கு" என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. சாமியையும் பெற்றோலையும் டிஸ்னியையும் ஒன்றாக்கிச் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் நிற்பது ஒரே மனிதர்கள்தான் என்று சொல்கிறேன். டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதியபோது இதைத்தான் சொன்னார்: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளும், கையில் ஒரு வேலை இருந்தால் சுருங்கும்.

இதை மகளுக்குப் பயன்படுத்தலாம். டிஸ்னிலாண்ட் பாரிஸ் அப்பைப் போனில் இறக்கி வையுங்கோ, ஒவ்வொரு கியூவுக்கும் எத்தனை நிமிடம் என்று அதில் காட்டும். "எண்பது நிமிடம்" என்று சொன்னால் ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. "அண்ணாவின்ரை பள்ளிக்கூடத்திலை ரெண்டு பாடம் நடக்கிற நேரம்" என்று சொல்லுங்கோ. ஒரு பாடம் நாற்பது நிமிடம். மகனைக் கேட்டால் அது எவ்வளவு நீளம் என்று தங்கைக்கு அவனே நடித்துக் காட்டுவான். பிறகு ஒரு வேலை கொடுங்கோ: இளவரசியிடம் கேட்க ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று, அவளே யோசித்து வைக்கவேண்டும். அந்த ஒரு கேள்வியை மாற்றி மாற்றி யோசிப்பதில் முக்கால் மணித்தியாலம் போய்விடும்.

வயசைப் பற்றி. என் அனுபவத்தில் நாலுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சந்திப்பு முழுசாகப் பலிக்கும். மூன்றிலும் அதற்குக் கீழேயும் பயம்; அந்த வயசுப் பிள்ளைகளுக்கு எட்ட இருந்து கை காட்டினால் காணும். எட்டுக்கு மேலே உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். தெரிந்தும் ரசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் ஒன்றரை மணித்தியாலம் நிற்க மனம் வராது. உங்கள் மகள் ஐந்தில் நிற்கிறாள். இதைவிட நல்ல வயசு இல்லை. அடுத்த தடவை நீங்கள் பிரான்சுக்குப் போகும்போது அவளுக்குப் பத்தோ பன்னிரண்டோ ஆகியிருக்கும். அதனால்தான் ஒரு கியூவுக்கு நிற்கச் சொல்கிறேன்.

இனி, எந்தக் கியூ? மிக்கி கதைக்கமாட்டார். கையாலும் உடம்பாலும் காட்டுவார், அவ்வளவுதான். இளவரசிமாருக்கு முகமூடி இல்லை, அவர்கள் கதைப்பார்கள். அங்கே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். வாய்திறந்து கதைக்கிற பிள்ளைக்கு இளவரசியும், கூச்சமுள்ள பிள்ளைக்கு மிக்கியும் பொருந்தும் என்பது என் எண்ணம். கதைக்கத் தேவையில்லாத இடத்தில் கூச்சமுள்ள பிள்ளைக்குப் பாரம் இல்லை. மிக்கியின் கியூ ஒரு சின்ன அரங்கத்துக்குள் போகும், பழைய மிக்கி கார்ட்டூன்கள் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் காத்திருப்பும் லேசு. இரண்டும் பாண்டசிலாண்ட் பகுதியில்தான் இருக்கின்றன.

ஒரு முறை நண்பர் ஒருவரின் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சுன்னாகத்தில் இருந்து வந்த பிள்ளை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் கடையில் வாங்கிய நீலக் கவுனில் நிற்க, இவள் மஞ்சள் பட்டுப்பாவாடை சட்டையில் நின்றாள். தாய் அதைத்தான் உடுத்திவிட்டிருந்தார். கியூவில் நிற்கும்போது தன் உடுப்பையும் மற்றவர்களின் உடுப்பையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். முகம் வாடத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. உள்ளே போனதும் அந்த இளவரசி எழும்பி வந்து, கவுன் நிலத்தில் விரிய முழங்காலில் இருந்து, பாவாடைக் கரையை இரண்டு விரலால் தொட்டு ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்: "இந்த வடிவான உடுப்பை ஆர் தைச்சதெண்டு கேக்கிறா." பிள்ளை இளவரசியை நேராகப் பார்த்து, "அம்மம்மா" என்றாள். இளவரசி "அம்மம்மா" என்று திருப்பிச் சொன்னாள். இரண்டாவது தடவையில் சரியாகவே சொன்னாள். பிறகு தன் கவுனை இப்படித் தைக்க அம்மம்மாவால் முடியுமா என்று கேட்டாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "துணி கனக்க வேணும்" என்று சொன்னது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்காது. நாங்கள் எழுபது நிமிடம் நின்றோம். வெளியே வந்து ரயிலில் ஏறும்வரை அந்தப் பிள்ளை பாவாடைக் கரையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

இது ஏன் நடந்தது என்றால், நாங்கள் காலை பத்து மணிக்கு நின்றோம். பிள்ளை நித்திரை கொண்டு, சாப்பிட்டு, தெளிவாக இருந்தாள். அதே எழுபது நிமிடம் பின்னேரம் என்றால் என் மருமகளுக்கு நடந்ததுதான் நடந்திருக்கும். டேனியல் கானமன் என்ற உளவியலாளர், 2002இல் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்றவர், ஒரு விஷயம் காட்டியிருக்கிறார்: ஒரு அனுபவம் எவ்வளவு நேரம் நீண்டது என்பதை மனம் பெரிதாக வைத்திருப்பதில்லை, அதன் உச்சக் கணமும் முடிவும்தான் தங்கும். அவர் ஆராய்ந்தது ஆஸ்பத்திரியில் வலி தாங்கிய நோயாளிகளை. ஆனால் கியூவில் நின்ற பிள்ளைகளிடமும் நான் அதையே கண்டேன். உச்சமும் முடிவும் ஒரே இடத்தில் வருகிற கியூ இது. அந்த இடத்துக்குப் பிள்ளை என்ன நிலைமையில் போய்ச் சேருகிறாள் என்பதிலேயே உங்கள் காசின் பெறுமதி இருக்கிறது.

ஆகவே காலையில் போங்கோ. பூங்கா வழமையாக ஒன்பதரைக்குத் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை ஒரு மணித்தியாலம் முந்தி விடுவார்கள். நீங்கள் சொந்தக்காரர் வீட்டில் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கவேண்டும். லாச்சப்பல் பக்கம் என்றால் கார் து நோரில் ஆர்.ஈ.ஆர் என்ற புறநகர் ரயிலில் பி அல்லது டி எடுத்து, ஷாத்தலேயில் ஏ-க்கு மாறுங்கோ. அந்த ரயில் கிழக்கே போய் இரண்டாகப் பிரியும். பலகையில் மார்ன்-லா-வாலே ஷெசி என்று இருந்தால் மட்டும் ஏறுங்கோ. கடைசித் தரிப்பிடம் அதுதான், இறங்கினால் வாசல். சாப்பாடு கட்டுவதற்காக வெளிக்கிடப் பிந்தாதேங்கோ. பிள்ளைக்குத் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் பையில் இருந்தால் போதும். உள்ளே போனதும் மற்ற எல்லாவற்றையும் விட்டு நேராக மகள் சொல்லுகிற கியூவுக்குப் போங்கோ. பணம் கட்டி முந்திப் போகிற வசதி பெரும்பாலும் சவாரிகளுக்குத்தான். சவாரிகளைப் பிறகு பார்க்கலாம்.

"எல்சாவைக் காட்டுறன்" என்று பெயர் சொல்லி வாக்குக் கொடுக்காதேங்கோ. எந்த இளவரசி இருப்பா என்பது நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். "ஒரு இளவரசியைப் பார்ப்பம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ. வாசலில் பணியாளரைக் கேட்டால் சில வேளை சொல்லுவார். ஒன்றைச் சொல்லி வேறொன்று வந்தால் ஐந்து வயசுப் பிள்ளை அழும், அது அவளுடைய பிழை இல்லை.

மகனை அந்தக் கியூவில் நிறுத்தவே வேண்டாம். தகப்பன் அவனைக் கூட்டிக்கொண்டு பிக் தண்டர் மவுண்டன் என்ற சவாரிக்குப் போகட்டும். அதற்கு 102 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் போதும், ஒன்பது வயசுக்குத் தாராளம். இரண்டு பேரும் ஆளுக்கொரு கதையோடு மத்தியானம் சந்திப்பார்கள்.

கூடவே அம்மம்மாவும் வருகிறா, அவவுக்கு நடக்க ஏலாது என்றாலோ, உங்களில் யாரும் கர்ப்பமாக இருந்தாலோ, வாசலுக்குப் பக்கத்தில் சிட்டி ஹோல் என்ற கட்டடத்தில் முன்னுரிமை அட்டை கேட்கலாம். அதற்குச் சான்று வேண்டும், எந்தச் சான்று என்று முதலே டிஸ்னியின் இணையத்தளத்தில் பாருங்கோ. மருத்துவச் சான்று என்றால் இங்கிருந்தே ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கோ.

மற்றப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் பின்னேர ஊர்வலத்தில் பார்த்துவிடலாம். அரை மணித்தியாலம் முந்திப் போய்த் தெருவோரக் கல்லில் பிள்ளைகளை முன்னுக்கு இருத்திவிட்டால், மிக்கி தொடக்கம் எல்லோரும் கைகாட்டிக்கொண்டு போவார்கள். பயப்படுகிற சின்னப் பிள்ளைக்கும் அந்தத் தூரம் சரி. கையில் காசு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: சில உணவகங்களில் பாத்திரங்கள் மேசை மேசையாக வந்து பிள்ளைகளைச் சந்திப்பார்கள். விலை கூட, மாதக்கணக்கில் முந்திப் பதிய வேண்டும். ஆனால் நாலைந்து சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு, கியூவில் போகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அது நட்டமில்லை. உங்களுக்கு ஒரு மகள்தான், தேவைப்படாது.

பாரிஸ் இல்லாமல் சிங்கப்பூர் யுனிவர்சலுக்குப் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே பாத்திரங்கள் குறித்த நேரத்துக்குத் தெருவில் வந்து நிற்பது கூட. அன்றைய நேரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் முந்திப் போனால் பெரும்பாலும் காணும். வெயில்தான் அங்கே பிரச்சினை, மத்தியான நேரத்தைத் தவிர்த்தால் சரி.

படம் எடுக்கிறதைப் பற்றி. உங்கள் போனைப் பணியாளரிடம் கொடுத்தால் எடுத்துத் தருவார். கொடுத்துவிட்டு நீங்கள் மகளுக்குப் பக்கத்தில் நில்லுங்கோ. போனுக்குப் பின்னால் நின்ற தாய்மார் நிறையப் பேர் அந்த இரண்டு நிமிடத்தையும் திரையில்தான் பார்த்தார்கள்.

கையொப்பம் வாங்க அங்கே விற்கும் புத்தகம் வாங்கவேண்டியதில்லை. இங்கேயே ஒரு சின்னச் சீஆர் கொப்பி வாங்கி, மகளைக் கொண்டு அட்டையில் பெயர் எழுதவைத்துக் கொண்டுபோங்கோ. பேனை மட்டும் தடிப்பானதாக இருக்கட்டும், மார்க்கர் மாதிரி. மிக்கியின் கையுறைக்குள் மெல்லிய போல்பொயின்ற் பேனை நிற்காது.